கீசா பிரமிடையும் குகுல்கான் பிரமிடையும் ஒப்பிடுவது எப்படி: மறையூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு

மூணாறு, மறையூர், காந்தலூர் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் சமூக அறிவியல் மேளா வந்துவிட்டால் பிரமிடும் கூடவே வந்துவிடும். தங்கக் கலர் ஸ்ப்ரே அடித்த அட்டைக் கோபுரம் ஒன்று, பக்கத்தில் 'எகிப்து பிரமிடு, மாயா பிரமிடு: ஒற்றுமை, வேற்றுமை' என்று ஒரு சார்ட். இடப்பக்கம் ஐந்து வரி, வலப்பக்கம் ஐந்து வரி. நடுவர் குனிந்து படித்துவிட்டு, "சரி, இதிலிருந்து உனக்கு என்ன தெரிஞ்சது?" என்று கேட்கும்போதுதான் சிக்கல். இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் ஒப்பீடு ஆகிவிடாது.

கீழே உள்ள முறையில் எடுத்துக்கொள்வது இரண்டு கட்டடங்கள். ஒன்று, எகிப்தில் கீசாவில் இருக்கும் கூஃபு மன்னரின் பெரிய பிரமிடு. இன்னொன்று, மெக்சிகோவின் யூகட்டான் பகுதியில் சிச்சென் இட்சாவில் மாயர்கள் கட்டிய குகுல்கான் கோயில். ஸ்பானியர்கள் அதை எல் காஸ்டீயோ, அதாவது கோட்டை, என்றார்கள். இரண்டையும் நேரில் போய்ப் பார்க்க முடியாது. அதனால் கையால் தொட்டு அளக்க மூன்றாவதாக ஒன்று வேண்டும். அது கோவில்கடவுக்கு மேலே பாறையில் நிற்கும் முனியறை, பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட பழங்காலக் கட்டு.

ஏன் இந்த இரண்டு

ஜோடியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. அங்கோர் வாட்டையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் எடுத்தால், ஒவ்வொரு ஒற்றுமைக்கும் 'கடல் வழியாகப் போனதா, தானாக வந்ததா' என்று கேட்டே தீர வேண்டும். தமிழகத்துக்கும் கம்போடியாவுக்கும் போக்குவரத்து இருந்தது. அந்தக் கேள்வி பள்ளி புராஜெக்ட்டுக்குப் பெரிது. எகிப்தியருக்கும் மாயருக்கும் நடுவில் ஒரு பெருங்கடல். ஒருவரை ஒருவர் அறிந்ததில்லை. எனவே உருவம் ஒத்துப்போனால் அதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அந்தக் காரணம் நம் ஊர் ரோட்டோரத்திலேயே கிடக்கிறது. டிப்பர் லாரி ஜல்லியைக் கொட்டினால் அது எந்த உருவத்தில் நிற்கிறது? கீழே அகலம், மேலே கூர்மை. கம்பியும் சிமென்ட்டும் இல்லாமல், கல்லை மட்டும் அடுக்கி உயரம் காட்ட வேண்டுமென்றால் அடியை அகலமாகப் போட்டு மேலே ஒடுக்கிக்கொண்டே போவதைத் தவிர வழி குறைவு. பிரமிடு உருவம் புவியீர்ப்பு கொடுத்தது. 'இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, வேற்றுக்கிரகவாசிகள் சொல்லிக்கொடுத்திருப்பார்களோ' என்கிற யூடியூப் வீடியோக்களுக்கு ஒரு டிப்பர் ஜல்லி போதும்.

ஆகவே உருவ ஒற்றுமையை ஒரே வரியில் முடித்துவிடுங்கள். சார்ட்டின் இடம் முழுவதும் மற்றக் கேள்விகளுக்கு: எதற்காகக் கட்டினார்கள், எதைக் கொண்டு, உள்ளே என்ன, நமக்கு எப்படித் தெரிந்தது.

வருடத்தைக் கயிற்றில் கட்டுங்கள்

அதிகம் தப்பு நடக்கும் இடம் இது. 'பழங்கால நாகரிகங்கள்' என்று ஒரே தலைப்பில் போட்டதும் இரண்டும் ஒரே காலம் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. பெரிய பிரமிடு ஏறக்குறைய கி.மு. 2560இல் முடிந்தது. குகுல்கான் கோயிலின் இன்றைய வெளிக்கட்டு கி.பி. 10 முதல் 12ஆம் நூற்றாண்டுக்குள் வருவது. கணக்குக்கு கி.பி. 1050 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 2560 + 1050 − 1 = 3609 வருடம். அந்த 1 எதற்கு என்றால், கி.மு. 1க்கு அடுத்தது நேரே கி.பி. 1. நடுவில் பூஜ்யம் என்று ஒரு வருடம் கிடையாது.

ஐந்து மீட்டர் கயிறு ஒன்று எடுத்து, ஒரு மீட்டர் ஆயிரம் வருடம் என்று வையுங்கள். ஒரு முனை இன்று. அங்கிருந்து சுமார் 98 செ.மீ. தள்ளி குகுல்கானுக்கு ஒரு முடிச்சு. அதிலிருந்து நாலு விரற்கடைக்குள், 101 செ.மீ. அளவில், இராசராசன் 1010இல் முடித்த தஞ்சைப் பெரிய கோயில். கூஃபுவின் முடிச்சு 4.58 மீட்டரில், கிட்டத்தட்டக் கயிற்றின் மறுமுனையில். மாயர் கோயில் கூஃபுவைவிடத் தஞ்சைக்கும் நமக்கும் எத்தனை கிட்டத்தில் இருக்கிறது என்பது கயிற்றைப் பிடித்து நிற்கும் பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும்.

முனியறைக்கு முடிச்சு போடாதீர்கள். அது சேர்ந்த தென்னிந்தியப் பெருங்கற்காலம் என்று பொதுவாகச் சொல்வது கி.மு. 1000ஐ ஒட்டித் தொடங்கி கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை நீள்வது. அந்த நீளத்துக்கு ஒரு கலர் துணியைச் சுற்றுங்கள். ஆண்டு தெரிந்ததை முடிச்சாகவும், காலப்பகுதி மட்டும் தெரிந்ததைப் பட்டையாகவும் காட்டுவது நேர்மையான முறை.

அளவும் மாடலும்

பெரிய பிரமிடு: அடிப்பக்கம் 230.3 மீ., கட்டியபோது உயரம் 146.6 மீ., இன்றைக்கு உச்சி உதிர்ந்து சுமார் 138.5 மீ. குகுல்கான்: அடிப்பக்கம் 55.3 மீ., ஒன்பது அடுக்கு மேடை 24 மீ., அதன் உச்சியில் நிற்கும் கோயில் 6 மீ., மொத்தம் 30 மீ. 'உயரம்' என்று எழுதும்போது எந்த உயரம் என்று சேர்த்து எழுதுங்கள். ஒன்றுக்குப் பழைய உயரத்தையும் மற்றதற்கு இன்றைய உயரத்தையும் போட்டால் ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட அவற்றின் பின்னால் இருக்கும் முழத்தைப் பிடியுங்கள். எகிப்தியரின் அரச முழம் சுமார் 52.4 செ.மீ., அதில் 7 உள்ளங்கை. பிரமிடின் அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். சரிவை அவர்கள் பாகையில் சொல்லவில்லை. ஒரு முழம் உயர்ந்தால் எத்தனை உள்ளங்கை உள்ளே போக வேண்டும் என்று சொன்னார்கள். பாதி அடி 220, அதை 280ஆல் வகுத்து 7ஆல் பெருக்கினால் 5½ உள்ளங்கை. நம் கணக்கில் அது கிட்டத்தட்ட 51.8 பாகை. கொத்தனார் சரிவுக்கு 'அடிக்கு இத்தனை அங்குலம்' என்று சொல்வதும் இதே வழிதான்.

குகுல்கானில் அளவைவிட எண்ணிக்கைதான் பேசுகிறது. நாலு பக்கமும் படிக்கட்டு, ஒவ்வொன்றிலும் 91 படி. 91 × 4 = 364, உச்சி மேடை ஒன்று சேர்த்து 365. மாயரின் ஆண்டுக் கணக்கு 365 நாள். ஒவ்வொரு முகத்திலும் 9 அடுக்குகளைப் படிக்கட்டு இரண்டாகப் பிளப்பதால் 18. அந்த ஆண்டில் 20 நாள் கொண்ட மாதம் 18, மிச்சம் 5 நாள். முகத்துக்கு 52 பதிப்புப் பலகை. இந்த 365 நாள் கணக்கும் மாயரிடம் இருந்த இன்னொரு 260 நாள் கணக்கும் மறுபடி ஒரே நாளில் வந்து சேர 52 வருடம் ஆகும். மீ.பொ.ம. போட்டுப் பாருங்கள்: 18,980 நாள். கணக்கு டீச்சரையும் இந்த இடத்தில் இழுத்துவிடலாம்.

மாடலுக்கு 1:500 அளவுவிகிதம் நல்லது. பிரமிடின் அடி 46 செ.மீ., உயரம் 29.3 செ.மீ. குகுல்கானின் அடி 11 செ.மீ., உயரம் 6 செ.மீ. இரண்டும் ஒரே மேசையில், ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று குகுல்கானைப் பெரிதாக்கினால் வைத்ததற்கே அர்த்தமில்லை.

வெட்டும்போது வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று. பிரமிடின் உயரம் 29.3 என்று பார்த்து, முக்கோணத்தின் உயரத்தையும் 29.3 என்றே வெட்டிவிடுவார்கள். முகம் சாய்ந்து நிற்பதால் ஒட்டி நிறுத்தியதும் மாடல் 18 செ.மீ. உயரம்தான் வரும், அமுங்கிய பிரமிடு. முக்கோணத்துக்கு வேண்டியது சாய்வுயரம். பாதி அடி 115.15 மீ., உயரம் 146.6 மீ., பிதாகரஸ் போட்டால் 186.4 மீ. 1:500இல் 37.3 செ.மீ. ஆக அடி 46, சாய்வுயரம் 37.3 வைத்து நாலு முக்கோணம்.

28 × 22 அங்குல சார்ட்டில் ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் வைத்தால் இரண்டு முக்கோணம் 69 செ.மீ.க்குள் அடங்கும், ஷீட்டின் நீளம் 71. மொத்தம் இரண்டு ஷீட் போதும். ஒட்டுவதற்கு முக்கோணத்தோடு சேர்த்து மடிப்பு விட்டால் இடம் பற்றாது. மிச்சமாகும் துண்டிலிருந்து 2 செ.மீ. அகலம், 44 செ.மீ. நீளத்தில் நாலு பட்டை வெட்டி, நடுவில் மடித்து உள்பக்கமாக ஒட்டுங்கள். பெவிகால் காய ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் மூணாறு பக்கம் அதுவும் போதாது, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஈரத்தில் முகம் உள்வாங்கிக்கொள்ளும்.

குகுல்கானுக்கு 5 மி.மீ. கனமுள்ள பழப்பெட்டி அட்டை, ஒன்பது சதுரம். ஒன்பது அட்டை 45 மி.மீ., வேண்டியது 48. ஒவ்வொரு அட்டைக்கும் நடுவே ஒரு சார்ட் துண்டை வைத்தால் அந்தக் குறை கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அடுக்குக்கு அடுக்கு எவ்வளவு உள்வாங்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம். நேர் எதிரிலிருந்து எடுத்த படம் ஒன்றை அச்சிட்டு, அடிப்பக்கத்தை ஸ்கேலால் அளந்து, மேல் அடுக்கையும் அளந்து விகிதம் எடுங்கள். பக்கவாட்டிலோ கீழிருந்தோ எடுத்த படம் ஏமாற்றும்.

எவ்வளவு கல், எத்தனை ஆள்

பிரமிடின் கனஅளவு அடிப்பரப்பு × உயரம் ÷ 3, சுமார் 26 லட்சம் கனமீட்டர். குகுல்கானின் சரியான கனஅளவுக்கு அடுக்கு ஒவ்வொன்றின் அளவும் வேண்டும். அது கையில் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. அதை ஒடுங்காத ஒரு பெட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 55.3 × 55.3 × 24 = 73,400 கனமீட்டர். உண்மை இதைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். இப்படித் தாராளமாகக் கொடுத்தாலும் பிரமிடு 35 மடங்கு பெரிது. 'குறைந்தது 35 மடங்கு' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. '47.3 மடங்கு' என்று எங்கிருந்தோ எடுத்து எழுதினால் நடுவர் அடுத்த கேள்வியில் மடக்கிவிடுவார்.

பிரமிடில் சுமார் 23 லட்சம் கல் என்பது மதிப்பீடு, ஒரு கல்லுக்குச் சராசரி 2.5 டன். 20 வருடம் வேலை நடந்தது என்று கொண்டால் நாளைக்கு 315 கல். பத்து மணி நேரம் என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கல். லீவு, வெள்ளம், நோய் எதையும் இதில் கழிக்கவில்லை. இது ஒரு கல்லை இழுக்கும் பலத்தைப் பற்றிய கணக்கு அல்ல. ஆயிரக்கணக்கான பேருக்கு தினமும் ரொட்டியும் தண்ணீரும் தவறாமல் போய்ச் சேர்ந்ததைப் பற்றிய கணக்கு. கீசாவில் தொழிலாளர் குடியிருப்பையும் ரொட்டி அடுப்புகளையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1990இல் தொழிலாளர் கல்லறைகளும் கிடைத்தன. அடிமைகளைச் சாட்டையால் அடித்துக் கட்டினார்கள் என்ற பழைய கதையை சார்ட்டில் எழுத வேண்டாம். எஸ்டேட்டில் ஒரு நாள் பேர்போட்டு, ஆள் பிரித்து, கொழுந்து எடை போட்டு, லாரி ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த நிர்வாகம் எவ்வளவு பெரிய வேலை என்று விளக்கத் தேவையில்லை.

செய்து பார்க்க மூன்று

ஸ்டில் மாடல் வேண்டாம், வொர்க்கிங் மாடல் வேண்டும் என்பவர்களுக்கு.

முதலாவது மட்டம். பிரமிடின் அடித்தளம் 230 மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 2 செ.மீ.க்குள் மட்டமாக இருக்கிறது. 11 மீட்டருக்கு 1 மி.மீ. என்று வருகிறது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலை, அந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை, 11 மீட்டருக்கு மேல் நீளமாக வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பி, பள்ளி வராந்தாவின் இரண்டு தூணில் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு ஆட்கள் இடம் மாறி, குழாயைத் திருப்பிப் பிடித்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பிழை. முதல் முறை 3, 4 மி.மீ. வந்தால் குழாய்க்குள் காற்றுக் குமிழி இருக்கிறது என்று அர்த்தம். ஒரு முனையை வாளித் தண்ணீரில் வைத்து மறுமுனையை வாயால் உறிஞ்சி, குமிழி முழுதும் வெளியேறும்வரை ஓட விடுங்கள். வெயிலில் பாதியும் நிழலில் பாதியும் கிடக்கும் குழாயும் தப்பு காட்டும். 1 மி.மீ.க்குள் கொண்டுவர எத்தனை முறை முயன்றீர்கள் என்று எழுதி வையுங்கள். சார்ட்டிலேயே நல்ல வரி அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது இழுப்பு. எகிப்தில் ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் உண்டு. பிரமாண்டமான சிலையைச் சறுக்குக் கட்டையில் வைத்து வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்கிறார்கள், கட்டையின் முன்னால் நிற்பவன் மணலில் தண்ணீர் ஊற்றுகிறான். ரொம்ப நாள் அதைச் சடங்கு என்று நினைத்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது, சரியான ஈரம் இருந்தால் இழுவிசை பாதியாகக் குறைந்தது. தட்டில் 10 லிட்டர் காய்ந்த மணலைப் பரப்புங்கள். பலகைத் துண்டின் மேல் ஒரு செங்கல்லை வைத்துக் கட்டி, பெட்டி எடை போடும் தூக்குத் தராசை மாட்டி இழுங்கள். காய்ந்த மணலில் பலகைக்கு முன்னால் மணல் குவிந்து மறிக்கும். 200 மி.லி. தண்ணீரைத் தெளித்து நன்றாகக் கலந்து மறுபடி இழுங்கள், பிறகு 350, பிறகு 500. ஓரிடத்தில் தராசு மிகக் குறைவாகக் காட்டும், அதைத் தாண்டினால் மீண்டும் ஏறும், மணல் சேறாகிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து முறை இழுத்து நடு அளவை எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் முதல் இழுப்பின் எண் பொய்யாகக் கூடும்.

மூன்றாவது திசை. பிரமிடின் பக்கங்கள் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 4 கலை, அதாவது பாகையில் பதினைந்தில் ஒரு பங்கு மட்டுமே விலகியிருக்கின்றன. 230 மீட்டர் நீளத்துக்கு அது 27 செ.மீ.தான். குகுல்கான் வடக்கிலிருந்து 20 பாகைக்கு மேல் கிழக்காகத் திரும்பி நிற்கிறது. அது பிழை அல்ல, மாயர்கள் பார்த்தது வேறு திசை. சமநாட்களில், மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டி, மாலை வெயிலில் அடுக்குகளின் நிழல் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் முக்கோணங்களாக விழுந்து, அடியில் இருக்கும் கல் பாம்புத்தலையோடு சேர்ந்து பாம்பு இறங்குவதுபோல் தெரியும். 'அந்த ஒரு நாள் மட்டும்' என்று எழுதாதீர்கள். முன்னும் பின்னும் பல நாட்கள் தெரிகிறது.

வடக்கைக் கண்டுபிடிக்க போன் காம்பஸ் உதவாது. பக்கத்தில் இரும்புக் கேட் இருந்தாலே சுற்றிவிடும், காட்டுவதும் முழுப் பாகையில்தான். நம் ஸ்தபதிகள் சங்கு எனும் குச்சியை நட்டு, நிழலை வைத்துத் திசை பார்க்கும் முறையே போதும். சமதரையில் ஒரு முழக் குச்சியைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக நடுங்கள். அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடம் ஒன்று, மத்தியானத்துக்கு மேல் தொடும் இடம் ஒன்று. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு, அதற்குச் செங்குத்து வடக்கு தெற்கு. பள்ளத்தாக்கில் எட்டு மணி வெயில் மலைக்குப் பின்னால் நிற்கும், மஞ்சும் மறைக்கும். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நிழல் தொடும்படி வட்டத்தைச் சிறிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிவேளையில் நிழலைத் தேடாதீர்கள். மறையூரில் அப்போது உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல், நிழல் குச்சிக்கடியிலேயே ஒளிந்துகொள்ளும். சிச்சென் இட்சாவிலும் வருடத்தில் இரண்டு நாள் அப்படி வரும். கீசாவில் ஒருநாளும் வராது, அது கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது.

உள்ளே என்ன

வெளியில் ஒத்துப்போகும் இரண்டும் உள்ளே முழுக்கப் பிரிகின்றன. பெரிய பிரமிடு ஒரு கல்லறை. வேலை முடிந்ததும் வழியை அடைத்துவிட்டார்கள். வெளிமுகம் துரா என்ற இடத்து வழவழப்பான சுண்ணாம்புக்கல்லால் மூடியது, கால் வைக்க இடமில்லை. இன்று படிபோலத் தெரிவது, அந்த மேல்கல்லைப் பிற்காலத்தில் கெய்ரோ கட்டடங்களுக்குப் பெயர்த்து எடுத்த பிறகு வெளிவந்த உள்கல். இதைக் கவனிக்காமல் 'இரண்டிலும் படிகள் உண்டு' என்று எழுதுபவர்கள் நிறைய. உள்ளே மன்னர் அறை 20 முழம் நீளம், 10 முழம் அகலம். அதன் கருங்கல் சுமார் 800 கி.மீ. தெற்கே அஸ்வானிலிருந்து நைல் நதியில் படகில் வந்தது.

குகுல்கான் ஏறுவதற்கென்றே கட்டிய மேடை. உச்சியில் நடப்பதை ஊர் கீழே நின்று பார்க்க வேண்டும், அதனால்தான் நாலு பக்கமும் படிக்கட்டு. 2006 முதல் பார்வையாளர்கள் ஏறத் தடை. அதற்குள்ளே இருப்பது அறைகள் அல்ல, பழைய பிரமிடுகள். பழையதை இடிக்காமல் அதன்மேலேயே புதியதைப் போர்த்திக் கட்டுவது மாயர் வழக்கம். 1930களில் உள்ளே இன்னொரு கோயிலைக் கண்டுபிடித்தார்கள், பச்சைக்கல் புள்ளிகள் பதித்த சிவப்புச் சிறுத்தை ஆசனத்தோடு. 2016இல் அதற்கும் உள்ளே மூன்றாவது ஒன்று இருப்பதாக அறிவித்தார்கள். இதைக் காட்ட, அட்டை மாடலின் ஒரு மூலையை மட்டும் வெட்டித் திறந்து, உள்ளே இரண்டு சின்னப் பிரமிடுகளை வேறு வேறு கலரில் வையுங்கள்.

கருவி விஷயம் சுருக்கமாக: எகிப்தியரிடம் செம்பு உளி, கடினக்கல் சுத்தி, ஜிப்சம் சாந்து. மாயரிடம் உலோக உளி இல்லை, சுமை இழுக்கும் மாடு குதிரை இல்லை, வண்டிச் சக்கரம் இல்லை. இருந்தது கல் கருவி, மனிதத் தோள், சுட்ட சுண்ணாம்புச் சாந்து.

முனியறையில் அளக்கும் முறை

தொல்லியல் தமிழில் கற்திட்டை. மலையாளத்தில் மகாசிலா என்று பார்த்தால் அது பெருங்கற்சின்னங்களுக்குப் பொதுப்பெயர், முனியறை அதில் ஒரு வகை. பக்கத்துக்கு ஒன்றாகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். சாந்து கிடையாது. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, மூடுகல்லின் கனத்தால் பிடித்து நிற்கிறது.

ஐந்து மீட்டர் டேப், நோட்டு, இரண்டு பேர் போதும். மூடுகல்லின் நீளமும் அகலமும் மூன்று மூன்று இடத்தில், கனம் நாலு ஓரத்திலும் எடுத்துச் சராசரி போடுங்கள். ஓரம் வளைந்து ஒழுங்கில்லாமல் இருந்தால் கனஅளவில் பத்து சதவீதம் கழியுங்கள். கருங்கல் கனமீட்டருக்கு 2.7 டன். 2.5 மீ. நீளம், 1.8 மீ. அகலம், 20 செ.மீ. கனம் வரும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டால் 0.9 கனமீட்டர், 2.4 டன். கீசாவின் சராசரிக் கல்லும் அவ்வளவுதான். அந்த மூடுகல்லைக் கண்ணால் பார்த்துவிட்டு, இப்படி 23 லட்சம் என்று நினைத்தால்தான் அந்த எண் எண்ணாக இருக்கும்.

கல்லின் மேல் ஏறாதீர்கள். சாக்பீஸ், பெயின்ட் வேண்டாம். உள்ளே மண்ணைக் கிளறவே கூடாது, கிளறிய மண்ணில் தொல்லியலாருக்குப் படிக்க எதுவும் மிச்சமிருக்காது. சாய்ந்த பலகைக்கல்லை நிமிர்த்தி வைக்கும் நல்லெண்ணமும் வேண்டாம், மேலே இருப்பது இரண்டு டன்.

சார்ட்டில் எழுதும்போது

நாலு நெடுவரிசை: கேள்வி, கீசா, குகுல்கான், முனியறை. எல்லாக் கட்டமும் நிரம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'யார் கட்டினார்கள், எப்படித் தெரியும்' என்ற வரியைத் தனியாக, பெரிதாகப் போடுங்கள். கீசாவுக்கு எழுத்துச் சான்று உண்டு. 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்ஜர்ஃபில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில், மெரெர் என்ற மேற்பார்வையாளர் துராவிலிருந்து கீசாவுக்குப் படகில் கல் கொண்டுபோன நாள்குறிப்பு இருக்கிறது. மன்னரின் உறவினர் அங்காஃப் அந்த வேலையில் மேலே இருந்ததும் அதிலிருந்து தெரிகிறது. சிச்சென் இட்சாவுக்கு மாயர் எழுத்தும், 16ஆம் நூற்றாண்டில் தியேகோ தெ லந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதிவைத்த வர்ணனையும் இருக்கின்றன. இன்று படத்தில் பளிச்சென்று தெரிவது 1920, 30களில் சீரமைத்த முகங்கள் என்பதை அதே கட்டத்தில் சின்ன எழுத்தில் சேருங்கள். முனியறைக்கு எழுத்து ஏதும் இல்லை. அந்தக் கட்டத்தில் 'முனிவர்கள் தவம் செய்த இடம்' என்று ஊர்ப்பேச்சை எழுதலாம், ஆனால் 'ஊரில் சொல்வது' என்று குறித்து, பக்கத்தில் 'ஈமச்சின்னம் என்பது ஆய்வாளர் கருத்து' என்றும் எழுத வேண்டும்.

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது அளந்ததா, கணக்குப் போட்டதா, மதிப்பீடா என்று அ, க, ம என ஒரே எழுத்தில் குறி போட்டுவிடுங்கள். 230.3 மீட்டருக்கு அ. 26 லட்சம் கனமீட்டருக்கு க. 23 லட்சம் கல்லுக்கு ம. மூடுகல்லின் நீளத்துக்கும் அ, அளந்தது நீங்கள்.